இரண்டு பேருக்கான வண்டி

மங்கலம் கார் ஓட்டுவாள் என்பது திருவனந்தபுரத்து மணக்காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காரை வாங்கியவள் அவளல்ல. ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவளும் அவளல்ல. அந்த ஆசை அவள் கணவர் பகவதிப்பெருமாள் பிள்ளையுடையது.

பிள்ளை மராமத்து இலாகாவில் படம் வரைகிறவர். பாலம், மதகு, பள்ளிக்கூடக் கட்டடம் எதுவானாலும் முதலில் அவருடைய பலகையில் பென்சில் கோடாகப் பிறக்க வேண்டும். நாஞ்சில் நாட்டுக்காரர். உத்தியோகத்துக்காக இருபது வயதில் திருவனந்தபுரம் வந்து, இங்கேயே தங்கிப்போனார். குழந்தைகள் இல்லை. 1950-ல் அவருக்கு நாற்பத்தாறு வயது, மங்கலத்துக்கு முப்பத்தைந்து.

அந்த வருஷம் தை மாதம் போனக்காட்டுக்குப் போகும் மலை ரோட்டில் ஒரு பாலத்துக்கு அளவெடுக்க அவரையும் அனுப்பினார்கள். மூன்று நாள் தேயிலைத் தோட்டத்தில் தங்கினார். தோட்டத்து உதவி மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர்; சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிற நிலையில் இருந்தார். அவர் பங்களா வாசலில் கரும்பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார் நின்றது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை. இருக்கைக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி வைக்கிற அளவுக்கு இடம். கூரை பின்பக்கமாகச் சரிந்து இறங்கி முடிந்துவிடும். பதிவுப் புத்தகத்தில் அதன் வகை 'கூப்பே' என்று எழுதியிருந்தது.

"எங்கள் ஊரில் இது குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் வாங்குகிற வண்டி" என்று அந்த வெள்ளைக்காரர் சொன்னார். இளக்காரமாகத்தான் சொன்னார். பிள்ளைக்கு அது வேறு மாதிரி கேட்டது. திருவனந்தபுரத்தில் கார் என்றால் அரண்மனை, ஜட்ஜி, பெரிய டாக்டர், சாலைக் கடைவீதியின் மொத்த வியாபாரி. குமாஸ்தா வாங்குகிற கார் என்று உலகத்தில் ஒன்று உண்டு என்பதே அவருக்குப் புதிய செய்தி. விலை அவருடைய ஒரு வருஷச் சம்பளத்துக்கும் குறைவு. ஊரில் தன் பங்குக்கு வந்த தென்னந்தோப்பை விற்று வாங்கினார்.

தம்பானூரில் மோட்டார் மெக்கானிக்காக இருந்த ராஜையன் மலைக்குப் போய் வண்டியை ஓட்டிவந்தார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வீட்டு வாசலில் நிறுத்தியதும் முதலில் பார்க்க வந்தவர் அண்ணன் திரவியம் பிள்ளை. சாலைக் கடைவீதியில் கயிறும் பாயும் விற்கிற கடை அவருக்கு. ஒன்பது பேர் அடங்கிய குடும்பம். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கண்ணாடி வழியே உள்ளே குனிந்து பார்த்தார்.

"பொறத்த சீட்டு எங்கல?"

"இல்லண்ணே. இதுக்கு ரெண்டு சீட்டுதான்."

"ஒம்பது பேரு இருக்கப்பட்ட குடும்பத்துக்கு ரெண்டு சீட்டு வண்டியா? சுசீந்திரம் தேருக்கு நாங்க எல்லாரும் இதுக்க மேல ஏறி இருந்தா போவோம்?"

குடும்பத்துக்கு என்று நினைத்துப் பிள்ளை அதை வாங்கவில்லை. அதை அண்ணனிடம் சொல்ல முடியாது.

இரண்டு மாதம் காலை வேளைகளில் ராஜையன் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிள்ளை நிதானமாக, நன்றாகவே ஓட்டினார். இடது பக்கம் மட்டும் அடிக்கடி உரசியது. கரமனைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு தடவை, ஒரு வைக்கோல் வண்டியில் ஒரு தடவை. "பளகினா செரியாவும், பிள்ளை சார்" என்றார் ராஜையன்.

லைசென்ஸ் டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் காரில் ஏறவில்லை. முதலில் தூரத்தில் நின்ற ஒரு லாரியின் நம்பரைப் படிக்கச் சொன்னார். பிள்ளை படித்தார்.

"இனி வலத்தே கண்ணை அடச்சுப் பிடிச்சிட்டு வாசிக்கணும்."

பிள்ளை வலது கண்ணைக் கையால் மூடினார். அப்படியே நின்றார். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு லாரிக்குப் பதிலாகத் தன் கையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி, எத்தனை விரல் என்று கேட்டார். பிள்ளை கையை இறக்கிவிட்டார்.

ஏழு வயதில் அம்மை வார்த்தபோது இடது கண்ணில் பார்வை போயிற்று. வெளிக்குப் பார்த்தால் தெரியாது. அவருடைய அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் இறந்து பத்து வருஷமாகிறது. ஒற்றைக் கண்ணால்தான் அவர் இத்தனை பாலங்களையும் வரைந்திருக்கிறார். ஆபீஸில் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்ற பயத்தில் தொடங்கிய மறைப்பு. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, "டெஸ்ட் கிட்டல்லே" என்று மட்டும் சொன்னார். சாப்பிட்டு எழுந்து கை கழுவிய பிறகுதான் காரணத்தைச் சொன்னார். பதினேழு வருஷமாக மனைவியிடம் சொல்லாதது அது.

மங்கலம் இலையை எடுத்துக்கொண்டே, "எனக்குத் தெரியுமே" என்றாள்.

"தெரியுமா? எப்பம்?"

"கல்யாணம் களிஞ்சு மறுவீடு போனப்பம். இடப்பக்கம் வச்ச தண்ணிச் செம்பத் தட்டி விட்டேளே. அன்னைக்குப் பொறவு நான் எதையாவது ஒங்களுக்கு இடப்பக்கம் வச்சிருக்கேனா?"

பிள்ளை யோசித்துப் பார்த்தார். வைத்ததில்லை. அவளிடம் கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் ஆபீஸுக்குப் போனார்.

கார் ஓலைக் கொட்டகையில் நான்கு மாதம் நின்றது. மழைக்காலத்தில் இருக்கைத் தோலில் பூசணம் பிடித்தது. பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து, ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் உறுமவிட்டு நிறுத்துவார். திரவியம் பிள்ளை ஒரு ஆளைக் கூட்டிவந்தார். ஆலப்புழைக்காரர், விலைக்குக் கேட்டார். பிள்ளை சரி என்று சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டார். உள்ளேயிருந்து மங்கலம் வந்தாள்.

"வண்டி குடுக்கதுக்கில்லே" என்றாள் வந்தவரிடம்.

அவர்கள் போன பிறகு பிள்ளை, "பின்ன அத வச்சு என்ன செய்ய?" என்று கேட்டார்.

"நான் படிச்சா என்ன?"

"நீயா?"

"எனக்கு ரெண்டு கண்ணும் தெரியுமே."

சொன்ன பிறகு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பிள்ளை சிரித்தார். அந்த வீட்டில் அந்தக் கண்ணைப் பற்றி எழுந்த முதல் சிரிப்பு அதுதான்.

புத்தரிக்கண்டம் மைதானத்தில் ராஜையன் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். மங்கலம் குள்ளம். முதுகுக்கு ஒரு தலையணை, அடியில் ஒரு தலையணை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால்தான் மிதிப்பாள். வெறுங்காலுக்கு வண்டியின் நடுக்கம் தெரியும். சத்தம் கேட்பதற்கு முன்பே எஞ்சின் திணறுவதைக் கால் சொல்லிவிடும். ராஜையன் முதல் வாரம் தயங்கித் தயங்கித்தான் பேசினார். இரண்டாம் வாரம், "அம்மே, கிளச்சு! கிளச்சு!" என்று மைதானமே கேட்கக் கத்தினார். வேலியோரம் ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். மங்கலத்துக்கு அவர்களைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. பாளையம் ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தி, ஒரு முழம்கூடப் பின்னால் சரியாமல் மறுபடி எடுத்துக் காட்டியதும் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

இப்படித்தான் 1951 தொடக்கத்திலிருந்து மங்கலம் ஓட்ட, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஆபீஸுக்குப் போகத் தொடங்கினார்.

அந்த வண்டியில் உட்கார்ந்தால் தரை மிக அருகில். பஸ் பக்கத்தில் வந்தால் அதன் சக்கரம் காது அருகே சுற்றும். மாட்டின் முகம் நேருக்கு நேர் வரும். திரும்பப் போகிறோம் என்றால் கதவோரத்திலிருந்து திசை காட்டும் ஒரு சிறிய தகரக் கை டக்கென்று வெளியே நீளும். மழைக்காலத்தில் அது நீளாது, பிள்ளை தன் சொந்தக் கையை நீட்டுவார். கதவு நீளமானது, ஒதுக்கி நிறுத்தினால் பக்கத்துச் சுவரில் இடிக்கும். வெயிலில் எஞ்சின் சூடு பாதத்தைப் பொசுக்கும். கவடியார் ரோட்டு மட்டத்தில் குதிரை மாதிரி ஓடும் வண்டி, ஏற்றம் கண்டால் மூச்சு வாங்கும். மழைநாள் காலையில் முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் எழுப்ப வேண்டும். சுற்றுவது பிள்ளையின் வேலை. எஞ்சின் பிடித்ததும் அவர் ஓடிவந்து ஏறுவார். எந்தச் சந்திலும் புகுந்து திரும்பலாம், எந்த நிழலிலும் ஒதுக்கலாம் என்பது அதன் பெரிய குணம்.

முதல் மாதம் பிள்ளை ஆபீஸுக்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே இறங்கிவிடுவார். கூட வேலை பார்த்த பிச்சையா அதைக் கண்டுபிடித்துவிட்டார். "என்ன ஓய், டிரைவரு உள்ளே வரமாட்டாரோ?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டார். பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் வழக்கமாக இறங்கும் இடத்தில் மங்கலம் வேகத்தைக் குறைத்தபோது, "நேரே போ" என்றார். ஆபீஸ் வாசல்படிவரை போயிற்று கார். பிச்சையா படியில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளை இறங்கி, "வாரும் ஓய், ஒருநாள் ஒம்மையும் கொண்டு விடச் சொல்லுகேன். ஆனா நான் நடக்கணும்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. அடியோடு நிற்கவில்லை.

1954 ஆகஸ்டில் ஒரு காலை, திரவியம் பிள்ளையின் மனைவி உலகம்மை கையில் தந்தியோடு நடந்தே வந்தாள். நாகர்கோவிலுக்கு அப்பால் தாழக்குடியில் அவள் அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது, உடனே வரவும் என்று தந்தி. திரவியம் பிள்ளை சரக்கு எடுக்க ஆலப்புழைக்குப் போயிருந்தார். தெற்கே பஸ் ஓடவில்லை. தென் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. டாக்சிக்காரர்கள் நெய்யாற்றின்கரைக்கு அப்பால் வரமாட்டோம் என்றுவிட்டார்கள்.

பிள்ளை சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கொட்டகைவரை மூவரும் நடந்தார்கள். கொட்டகையில்தான் மூவரும் நின்றார்கள்.

"மைனி, நீங்க கேறுங்கோ" என்றார் பிள்ளை.

மங்கலம் அவரைத் தனியே கூப்பிட்டாள். "நீங்க இல்லாம நான் அவ்வளவு தூரம் ஓட்டினதில்லே."

"நான் இருந்தா மட்டும் ஓட்டுகது நானா?"

"வழியிலே என்னமாவது ஆச்சுன்னா?"

"ஆகும்னு நெனச்சா நிக்கணும். மைனிக்க அம்மைக்கு நிக்க நேரமில்லே."

அவர் உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் ஒரு காகிதத்தோடு வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில்வரை நாற்பத்திரண்டு மைலும் ஒரே கோடாக வரைந்திருந்தது. எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எந்தப் பாலம் குறுகியது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் எந்த மைல்கல்லில் கிணற்றில் கிடைக்கும், எல்லாம் அதில் இருந்தது. அந்த ரோட்டின் ஒவ்வொரு பாலமும் அவர் பலகையில் ஒரு தடவையாவது வந்து போயிருக்கிறது.

ரோடு வெறிச்சென்று கிடந்தது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று தடங்கலில்லாமல் போனார்கள். வழியில் உலகம்மை சொன்னாள்: "எத்தற தடவ இந்த வழி பஸ்ஸிலே போயிருக்கேன். ரோட்ட இன்னைக்குத்தான் பாக்கேன். எப்பவும் முன்னால இருக்கப்பட்டவுக்க முதுகத்தான் பாத்திருக்கேன்."

கொஞ்சம் கழித்து, "ஏட்டி, ஒன்னப் பத்தி வீட்டில அவுக சொன்னதுக்கெல்லாம் நானும் சேந்து சிரிச்சிருக்கேன்" என்றாள்.

"தெரியும், அக்கா."

"அது சிரிப்பில்ல பாத்துக்கோ. பொறாமை."

மங்கலம் அதற்குப் பதில் சொல்வதற்குள் வண்டியை நிறுத்த வேண்டி வந்தது. குழித்துறைக்கு முன்னால் ஒரு வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய அயனி மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பன்னிரண்டு பதினைந்து பேர் நின்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய, நரைத்த மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்து குனிந்தார். உள்ளே இரண்டு பெண்கள். வேறு யாரும் இல்லை. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"எங்க போறிய?"

"தாளக்குடிக்கு. அக்காக்க அம்மைக்கு முடியல்லே" என்று மங்கலம் தந்தியை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்து இன்னொருவரிடம் கொடுத்தார். அவர் உரக்க வாசித்தார். எல்லோரும் கேட்டார்கள்.

"மரத்த மாத்த ஒக்காது. வெட்டிப் போட்டதே பத்து நாழிகை வேல" என்றார் மீசைக்காரர்.

உலகம்மை அழத் தொடங்கினாள். அழுகையைக் கண்டதும் அந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஒருவர் காரின் மட்கார்டைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது.

"அண்ணே, இந்தச் சாதனத்துக்குப் பாரமே இல்ல. நாமளே எடுத்து அப்பறத்தே வச்சிரலாம்."

அப்படித்தான் செய்தார்கள். மரத்தின் நுனிப்பக்கம் கிளைகளைக் கோடாலியால் தறித்துத் தாழ்வாக்கினார்கள். பெண்கள் இறங்கி ஓரமாக நின்றார்கள். சுற்றிலும் பத்துப் பேர் பிடித்து, ஒருவர் ஏலேலம் சொல்ல, பல்லக்கைத் தூக்குவது போலக் காரைத் தூக்கினார்கள். நடுவில் ஒருமுறை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார்கள். மறுபக்கம் வைத்தபோது பின் மட்கார்டு ஒரு கிளையில் மோதி நெளிந்தது. அதற்கு மீசைக்காரர் வருத்தப்பட்டார்.

"வேற காரா இருந்தா நீங்க திரும்பிப் போயிருக்கணும்" என்றார். "போங்க. வேறெங்கயாவது தடுத்தா, மேக்க மரம் போட்டவுகளே விட்டாச்சுன்னு சொல்லுங்க."

வேறெங்கும் தடுக்கவில்லை. மத்தியானம் தாழக்குடி சேர்ந்தார்கள். உலகம்மையின் அம்மாவுக்கு அப்போது நினைவு இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோடு வந்தாய் என்று கேட்டாள். மங்கலத்தோடு என்றதும், "ஒனக்க கொளுந்தன் வரல்லியா?" என்றாள். வரவில்லை என்றார்கள். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் இறந்துபோனாள்.

மங்கலம் நான்காம் நாள் தனியாகவே திரும்பி ஓட்டி வந்தாள். மரம் அப்போது ரோட்டோரத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. நாற்பத்திரண்டு மைல் பக்கத்து இருக்கை காலி. தக்கலை தாண்டியதும் தான் உரக்கப் பேசிக்கொண்டு வருவதைக் கவனித்தாள். நிறுத்தவில்லை, வீடுவரை பேசிக்கொண்டே வந்தாள்.

பிள்ளை அந்த நான்கு நாளும் நடந்தே ஆபீஸ் போய் வந்திருந்தார். அதற்குள் திரவியம் பிள்ளை ஆலப்புழையிலிருந்து வந்து, தம்பியைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"வெட்டும் குத்துமாக் கெடக்கப்பட்ட ரோட்டிலே பொம்பிளையள மட்டும் அனுப்பினியே, நீ ஆம்பிளையால?"

"மைனிக்கு அம்மைக்க மொகத்தப் பாக்கணுமே, அண்ணே. நான் ஏறியிருந்தா மைனி போயிருக்க முடியாது."

"எங்கிட்ட ஒரு வாக்குக் கேட்டியா?"

"கேக்கதுக்கு நீங்க இங்க இல்லே."

திரவியம் பிள்ளை அதன் பிறகு எட்டு மாதம் அந்த வீட்டுக்கு வரவில்லை. உலகம்மை வந்தாள்; வாரத்துக்கு ஒருநாள் சாயங்காலம் மங்கலத்தோடு சங்குமுகம் கடற்கரைக்குப் போய் வந்தாள். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் தடுக்கவில்லை. கேட்கவும் இல்லை.

எட்டாம் மாதம் அவர் கடையில் கயிற்றுக் கட்டு சரிந்து விழுந்து கணுக்கால் பிசகியது. வைத்தியர் இருந்தது பூஜப்புரையில். தினமும் தைலம் போட்டுக் கட்டுப் பிரிக்க வேண்டும். முதல் நாள் ரிக்‌ஷாவில் போனார். குலுக்கலில் உயிர் போயிற்று. மறுநாள் காலை மங்கலம் அவர் வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தாள். உலகம்மையும் மகனும் அவரைத் தாங்கி வந்தார்கள். திரவியம் பிள்ளை பெருத்த உடம்பு. அந்த இருக்கையில் அவரை நுழைப்பதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. முட்டி நெஞ்சைத் தொட்டது.

மூன்று வாரம் அப்படிப் போய் வந்தார். வளைவு வந்தாலோ எதிரே பஸ் வந்தாலோ நல்ல காலால் தரையை ஓங்கி மிதிப்பார், அங்கே ஒரு பிரேக் இருக்கிறது என்பது போல. கடைசி நாள் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று காரைச் சொன்னாரா, ஓட்டியதைச் சொன்னாரா என்று மங்கலம் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

1956-ல் ராஜ்யங்களைப் பிரித்தார்கள். நாஞ்சில் நாடு சென்னையோடு சேர்ந்தது. உத்தியோகஸ்தர்கள் எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பிள்ளை இரண்டு வாரம் யோசித்தார். முப்பது வருஷம் வாழ்ந்த நகரம் இது. ஆனால் வரைபடத்தில் இனித் தமிழில் எழுதலாம் என்பது அவரை இழுத்தது. மங்கலத்திடம் கேட்டார். அவளுக்குத் திருவனந்தபுரத்தை விட மனமில்லை. உலகம்மை இங்கே இருக்கிறாள். அதைச் சொல்லவும் செய்தாள். ஆனால் அவர் நாகர்கோவில் என்று எழுதிக் கொடுத்தார். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. பிறகும் இல்லை.

அக்டோபர் கடைசி நாள் சாமான்கள் லாரியில் முன்னால் போயின. அவர்கள் காரில் பின்னால் போனார்கள். களியக்காவிளையில் ரேடியேட்டர் கொதித்தது. அங்கே ஒரு காப்பிக் கடையில் நிறுத்தினார்கள். கடைக்காரர் வாளியில் தண்ணீர் கொடுத்துவிட்டு, பிள்ளையைப் பார்த்தால் உத்தியோகஸ்தர் மாதிரி இருந்ததால் கேட்டார்:

"சார், நாளை மொதலு என்னுடைய கடை ஏது ராஜ்யம்?"

பிள்ளை ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். "இங்க நின்னா மெட்ராஸ்."

"கடைக்குப் பாலு வாற வீடு அந்தா, அப்பறம்."

"அது கேரளம்."

கடைக்காரர் அந்த வீட்டைப் பார்த்தார். "மாடு எப்பளும் இப்பறம் வந்துதான் மேயும்" என்றார்.

மங்கலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. இன்னொரு காப்பி வாங்கிக் குடித்தாள். பிள்ளை ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் தக்கலையைத் தாண்டிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள், தாண்ட முடியவில்லை. மழை மார்த்தாண்டத்திலேயே பிடித்துக்கொண்டது.